காபனும் உலோகமும்: கார்ல் சீக்லரின் ஆய்வு வாழ்வும் விஞ்ஞானக் கண்டுபிடிப்பின் சமூக இயல்பும்

1

விஞ்ஞான வரலாறு பற்றி எழுதப்படும் நூல்களிலும் கட்டுரைகளிலும் இருவகையான கதைகள் திரும்பத் திரும்ப இடம்பெறுவதை நாம் காணலாம். மேதை ஒருவர் தமது தனித்திறனால் இயற்கையின் மறைபொருளைத் துலக்கினார் என்பது ஒன்று. எதிர்பாராது நிகழ்ந்த சிறு விபத்தொன்று பெருங் கண்டுபிடிப்புக்கு வழிகோலிற்று என்பது மற்றையது. மேலோட்டமாக நோக்குமிடத்து ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றும் இக்கதைகள் ஒரு விடயத்தில் முற்றாக உடன்படுகின்றன. கண்டுபிடிப்புக்கு முன்னர் நிகழ்ந்த நெடுங்கால உழைப்பையும், அவ்வுழைப்பைச் சாத்தியமாக்கிய நிறுவனத்தையும், அதிற் பங்குகொண்ட பலரையும் இரண்டுமே பார்வையினின்றும் மறைத்துவிடுகின்றன.

ஜேர்மானிய இரசாயனவியலறிஞர் கார்ல் சீக்லர் (1898 - 1973) இவ்விரு கதைகளுக்கும் ஒருங்கே ஆட்பட்டவர். 1953ஆம் ஆண்டின் இறுதியில், றூர் நிலக்கரிப் பிரதேசத்திலுள்ள முல்ஹைம் நகரில், எதிலீன் என்னும் வாயுவைச் சாதாரண அமுக்கத்திலேயே பொலித்தீனாக மாற்றவல்ல ஊக்கியொன்று அவரது ஆய்வுகூடத்திற் கண்டறியப்பட்டது. இன்று உலகெங்கும் பெருந்தொகையாக உற்பத்தியாகும் பிளாஸ்டிக்குகளுட் கணிசமான பகுதி அக்கண்டுபிடிப்பின் வழிவந்தது. நீர் சுமக்கும் குடம், நிலத்தடிக் குழாய், மீன்பிடி வலைக்குரிய கயிறு, மருந்துப் போத்தல் ஆகிய எத்தனையோ பொருள்களில் அதன் பயனை நாம் கையாளுகின்றோம். பாடநூல்களோ, 'சீக்லர் - நாட்டா ஊக்கி' என்ற பெயரையும், அழுக்குப் படிந்த கலமொன்றிலிருந்து அது தோன்றிய கதையையும் ஓரிரு வரிகளிற் கூறி அமைகின்றன.

இக்கட்டுரையில் நாம் அவ்வாய்வு வாழ்வைச் சற்று விரிவாக நோக்க முற்படுகின்றோம். 1953இல் நிகழ்ந்தது எத்தகைய வரலாற்றின் விளைவு? 'தற்செயல்' எனப்படுவது எந்நிலைமைகளில் அறிவாக மாற்றம் பெறுகின்றது? பலரது உழைப்பால் விளைந்த அறிவு எவருக்கு உரித்தாகின்றது? இவ்வினாக்கள் இரசாயனவியலாளருக்கு மாத்திரம் உரியவையல்ல; ஆராய்ச்சிக்கு யார் பணம் கொடுப்பது, எதனை ஆராய்வதென யார் தீர்மானிப்பது என்னும் பிரச்சினைகளை எதிர்நோக்கும் எந்தப் பல்கலைக்கழகச் சமூகத்துக்கும் உரியவையாகும்.

2

சீக்லர் 1898 நவம்பர் 26ஆம் நாள் காசல் நகருக்கு அண்மையிலுள்ள ஹெல்சா என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் லூதரன் திருச்சபைப் போதகர். மார்பேர்க் பல்கலைக்கழகத்திற் கார்ல் வொன் அவ்வேர்ஸ் என்பாரிடம் சேதன இரசாயனம் பயின்று, 1920இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் ஜேர்மானியச் சேதன இரசாயனம் உலகில் முதன்மையான இடத்தை வகித்தது. சாயங்களும் மருந்துகளும் அதன் கைத்தொழில் அடித்தளமாக விளங்கின.

இளம் ஆய்வாளரான சீக்லர் எடுத்துக்கொண்ட வினா அக்கைத்தொழில்களோடு நேரடித் தொடர்பற்றது. காபன் அணு நான்கு பிணைப்புகளைக் கொண்டதென்பது சேதன இரசாயனத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. ஆயின், 1900ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மோசஸ் கொம்பேர்க் என்பார் மூன்று பிணைப்புகளை மட்டுமே கொண்ட காபனையுடைய சுயாதீன மூலிகமொன்றை இனங்கண்டிருந்தார். இரு காபன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு சில மூலக்கூறுகளில் ஏன் இத்துணை எளிதில் அறுந்துபோகின்றது? இதுவே சீக்லரின் தொடக்க வினாவாகும்.

இவ்வினாவைப் பின்தொடர்ந்த வழியில் அவர் ஈதர்களைப் பொற்றாசியம் உலோகத்தாற் பிளந்து, காபன் அணுவும் உலோக அணுவும் நேரடியாகப் பிணையும் சேர்வைகளை ஆக்கினார். சேதனவுலோகச் சேர்வைகள் எனப்படும் இவை பெரும்பாலும் வளியோடும் நீரோடும் உக்கிரமாகத் தாக்கம் புரிபவை. வளியை அகற்றிய கலங்களில், மிகுந்த அவதானத்தோடு மட்டுமே இவற்றைக் கையாள முடியும். இவ்வகையான கைத்திறன் நூல்களிலிருந்து பெறத்தக்கதன்று. ஓர் ஆய்வுகூடத்தில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்து, ஆசிரியரிடமிருந்து மாணவருக்கும் ஒரு மாணவரிடமிருந்து இன்னொருவருக்கும் கைமாறி வரும் பொதுச்சொத்து அது. பிற்கால நிகழ்ச்சிகளை விளங்கிக்கொள்வதற்கு இவ்வுண்மை இன்றியமையாதது.

1927இல், சிவப்பு நிறமான பொற்றாசியச் சேர்வையொன்றின் கரைசலில், காபன் - காபன் இரட்டைப் பிணைப்பையுடைய ஸ்டில்பீன் என்னும் பதார்த்தத்தைச் சேர்த்தபோது, கரைசல் திடீரென மஞ்சள் நிறமாக மாறிற்று. கார உலோகத்தின் சேதனச் சேர்வையொன்று இரட்டைப் பிணைப்பின் மீது தன்னைச் சேர்த்துக்கொண்டது என்பதே அந்நிற மாற்றத்தின் பொருளாகும். இரு இரட்டைப் பிணைப்புகளைக் கொண்ட பியூற்றடையீனை அவ்வாறே சேர்த்தபொழுது, ஒரு மூலக்கூறின் பின் இன்னொன்றாக இணைந்து நீண்ட சங்கிலி உருவாயிற்று. சங்கிலியின் நுனியில் உலோகம் எஞ்சி நின்றது. 1953இன் கண்டுபிடிப்பில் இயங்கும் அடிப்படைக் கருத்து, அதாவது காபன் சங்கிலியொன்று உலோகத்தோடு பிணைந்த நுனியிலிருந்து வளரும் என்பது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே இங்ஙனம் வித்திடப்பட்டிருந்தது.

1926 முதற் பத்தாண்டுகள் ஹைடெல்பேர்க் பல்கலைக்கழகத்திற் பணிபுரிந்த காலத்தில் இரு முக்கிய பேறுகள் கிடைத்தன. இலிதியம் உலோகத்தைச் சேதன ஏலைட்டுகளோடு நேரடியாகத் தாக்கமுறச் செய்து சேதன இலிதியச் சேர்வைகளை எளிதில் ஆக்கும் முறையை 1930இல் அவர் வெளியிட்டார். அதற்கு முன்னர் நஞ்சான இரசச் சேர்வைகளின் வழியாகவே அவற்றைப் பெறவேண்டியிருந்தது. இன்று உலகின் சேதன இரசாயன ஆய்வுகூடங்களில் இலிதியச் சேர்வைகள் அன்றாடப் பொருளாகிவிட்டமைக்கு இதுவே மூலம். 1933இல், பல காபன் அணுக்களைக் கொண்ட பெருவளையச் சேர்வைகளை, மிகவும் ஐதான கரைசலிற் பெறலாம் எனக் காட்டினார். கரைசல் ஐதாயின், ஒரு மூலக்கூறின் நுனி அயல் மூலக்கூறைச் சந்திப்பதினும் தனது மறு நுனியைச் சந்திப்பதே எளிதாகும் என்னும் தருக்கத்தின்மீது அமைந்தது அம்முறை. கஸ்தூரியின் நறுமணத்துக்குக் காரணமான மஸ்கோன் இத்தகைய பெருவளையச் சேர்வையாகும்.

ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும் இவ்வாய்வுகளை ஊடறுத்துச் செல்லும் இழையொன்று உண்டு. காபன் பிணைப்புகள் எவ்வாறு அறுகின்றன, எவ்வாறு அமைகின்றன என்பதே அது. கைத்தொழிற் பயனை முன்னிறுத்தி இவற்றை எவரும் கட்டளையிட்டிருக்க முடியாது.

3

சீக்லரின் வாழ்வை அவரது காலத்தின் அரசியலிலிருந்து பிரித்து நோக்குவது வரலாற்று நேர்மையாகாது. 1933இல் நாசிகள் ஆட்சியைக் கைப்பற்றியதும், யூத விஞ்ஞானிகள் பல்கலைக்கழகப் பதவிகளிலிருந்து சட்டத்தின் துணைகொண்டு அகற்றப்பட்டனர். ஜேர்மானிய இரசாயனவியல் தனது தலைசிறந்த அறிஞர் பலரை இழந்தது. சீக்லர் நாட்டை நீங்கவில்லை. 1936இல் ஹாலே பல்கலைக்கழக இரசாயன நிறுவனத்தின் பணிப்பாளராக அவர் உயர்ந்தது அவ்வாட்சியின் கீழேயாகும்.

1943இல், முல்ஹைமிலிருந்த கைசர் வில்ஹெல்ம் நிலக்கரி ஆராய்ச்சி நிறுவனத்தின் பணிப்பாளர் பதவி அவருக்கு அளிக்கப்பட்டது. அந்நிறுவனத்தின் வரலாறு ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. 1912இல் தீர்மானிக்கப்பட்டு 1914இற் திறந்துவைக்கப்பட்ட அது, றூர் பிரதேசச் சுரங்க முதலாளிகளின் நிதியால் இயங்கியது. நிலக்கரியை எரிப்பதைவிட இலாபகரமாகப் பயன்படுத்தும் வழிகளைக் காண்பதே அதன் நோக்கம். முதற் பணிப்பாளரான பிரான்ஸ் பிஷர், ஹான்ஸ் துரோப்ஸ் என்பாரோடு சேர்ந்து, நிலக்கரியிலிருந்து பெறும் காபனோரொட்சைட்டையும் ஐதரசனையும் உலோக ஊக்கிகளின்மேற் செலுத்திப் பெற்றோலை ஆக்கும் முறையை 1925 அளவிற் கண்டறிந்தார். எண்ணெய் வளமற்ற ஜேர்மனியின் போர்ப் பொறிக்கு எரிபொருள் ஊட்டிய வழிகளுள் அதுவும் ஒன்றாயிற்று. நிதி வழங்குவோரின் தேவைக்கும் ஆராய்ச்சியின் திசைக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டுகள் சிலவே.

இப்பின்னணியில் சீக்லர் விதித்த நிபந்தனை வியப்புக்குரியது. நிலக்கரியோடு நேரடித் தொடர்பு இருப்பினும் இல்லாவிடினும், காபன் சேர்வைகளின் இரசாயனம் முழுவதிலும் தாம் விரும்பியதை ஆராயும் முழுச் சுதந்திரம் தமக்கு வேண்டுமென அவர் கேட்டார். சுரங்க முதலாளிகள் அதற்கு இணங்கினர். பரந்த உள்ளமே அவர்களை இணங்கச் செய்ததென நாம் கருதவேண்டியதில்லை. பிஷரின் வெற்றியை அவர்கள் கண்டிருந்தனர். புகழ்பெற்ற ஆய்வாளரொருவரை இழக்கவும் விரும்பவில்லை. எனினும், கட்டளையிடும் உரிமையை நிதி வழங்குவோர் கைவிட்டமையே பின்னர் நிகழ்ந்த யாவற்றுக்கும் முன்நிபந்தனையாயிற்று என்பது மறுக்கவியலாதது. 1945இற் போர் முடிந்தபின் சீக்லர் முல்ஹைமில் நிலையாகத் தங்கினார். 1949இல் நிறுவனம் மக்ஸ் பிளாங் என்னும் அறிஞரின் பெயரைத் தாங்கலாயிற்று. 'நிலக்கரி ஆராய்ச்சி' என்னும் பகுதி மாறவில்லை.

4

போரின் அழிவுகளுக்கிடையே முல்ஹைமில் மீளத் தொடங்கிய ஆய்வு, பழைய இழையையே பற்றிச் சென்றது. இலிதியத்தின் சேதனச் சேர்வையொன்றைச் சூடாக்கியபோது அது சிதைந்து எதிலீனையும் இலிதியம் ஐதரைட்டையும் கொடுத்தது. கூடவே, எதிலீனிலும் நீண்ட சங்கிலிகளும் சிறிதளவு காணப்பட்டன. அச்சங்கிலிகள் எங்கிருந்து வந்தன என்னும் வினா ஆய்வை அலுமினியத்தின்பாற் கொண்டுசென்றது. இலிதியமும் அலுமினியமும் கலந்த ஐதரைட்டோடு எதிலீனைத் தாக்கமுறச் செய்து பெற்ற பேறுகளை ஆராய்கையில், இலிதியம் இன்றி அலுமினியம் தனித்தே சிறப்பாக வேலைசெய்கின்றது என்பது சீக்லரின் சகபாடியான ஹான்ஸ் கேயோர்க் கெல்லேர்ட்டின் பரிசோதனைகளில் வெளிப்பட்டது.

அலுமினியம் மூவெதைல் என்பது வளியிற் பட்டதும் தானே தீப்பற்றும் திரவம். அதனை ஏறத்தாழ 100 பாகை செல்சியசுக்குச் சற்று மேற்பட்ட வெப்பநிலையில், உயர் அமுக்கத்தில் எதிலீனோடு வைக்கும்போது, எதிலீன் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக அலுமினியத்துக்கும் காபனுக்கும் இடையே புகுந்துகொள்கின்றன. சங்கிலி இவ்விரண்டு காபன்களாக வளர்கின்றது. சீக்லர் இதற்கு 'வளர்ச்சித் தாக்கம்' எனும் பொருள்படப் பெயரிட்டார். சவர்க்காரத் தூள் முதலிய அழுக்ககற்றிகளுக்கு வேண்டிய நீண்ட சங்கிலி அற்ககோல்களைப் பெறும் கைத்தொழில் முறை பின்னர் இதிலிருந்தே எழுந்தது.

ஆனால், இவ்வளர்ச்சிக்கு ஓர் எல்லை இருந்தது. சங்கிலி ஓரளவு நீண்டதும் அலுமினியத்தை விட்டு நீங்கிவிடும். அதன் இடத்தைப் புதிய எதிலீன் பிடித்துக்கொண்டு மீண்டும் முதலிலிருந்து வளரத் தொடங்கும். ஆகவே, உண்மையான பொலித்தீனுக்குரிய பல்லாயிரம் காபன் நீளத்தை எட்ட முடியவில்லை.

1952இன் இறுதியில், கலாநிதிப் பட்டத்துக்காக ஆய்வுசெய்துகொண்டிருந்த ஏர்ஹார்ட் ஹோல்ஸ்காம்ப் என்னும் மாணவர் விசித்திரமான பேறொன்றைப் பெற்றார். சங்கிலி வளர்வதற்குப் பதிலாக, எதிலீன் முழுவதும் பியூற்றீன் என்னும் நான்கு காபன் சேர்வையாக மாறியிருந்தது. முன்னர் பலதடவை செய்த பரிசோதனை. இம்முறை மட்டும் வேறு விளைவு. நீண்ட தேடலின் பின்னரே காரணம் புலப்பட்டது. உருக்காலான அமுக்கக் கலத்தை அமிலத்தாற் கழுவியபோது அதிலிருந்த நிக்கல் உலோகத்தின் மிகச் சிறு துணுக்குகள் வெளிப்பட்டிருந்தன. அந்நிக்கலே சங்கிலியை முளையிலேயே துண்டித்தது.

பாடநூல்கள் கூறும் 'தற்செயல்' இதுவேயாகும். அது அறிவாக மாறியது எவ்வாறு என்பதே எமது கவனத்துக்குரியது. பிழைத்துப்போன பரிசோதனை எனக் குறிப்பேட்டில் ஒருவரி எழுதி, வேறொரு கலத்தை எடுத்திருப்பின் அத்தோடு விடயம் முடிந்திருக்கும். வளர்ச்சித் தாக்கத்தின் இயல்பான போக்கைப் பலவாண்டுகள் துல்லியமாக அறிந்திருந்த குழுவொன்றுக்கே இது போக்கிலிருந்து விலகியது எனத் தெரியும். எதிர்பார்ப்பு எவ்வளவு திட்டவட்டமானதோ, அவ்வளவுக்கே எதிர்பாராதது கண்ணிற் படும்.

அடுத்து எழுந்த வினா தருக்கமுறையானது. நிக்கல் இவ்வாறு தொழிற்படுமாயின், ஏனைய உலோகங்கள் எவ்வாறு தொழிற்படும்? ஹைன்ஸ் பிரைல் என்னும் மற்றொரு மாணவர் தாண்டல் மூலகங்களின் சேர்வைகளை ஒவ்வொன்றாக அலுமினியச் சேர்வையோடு கலந்து சோதிக்கும் நீண்ட, சலிப்பூட்டும் பணியை மேற்கொண்டார். கோபாற்று முதலியன நிக்கலைப் போன்றே நடந்துகொண்டன. பல உலோகங்கள் எவ்விளைவையும் தரவில்லை. 1953 ஒக்டோபர் இறுதியில் சேர்க்கோனியச் சேர்வையொன்றைப் பயன்படுத்தியபோது, கலம் வெண்ணிறத் திண்மத்தால் நிரம்பியிருந்தது. சங்கிலியைக் குறுக்கும் உலோகங்களைத் தேடியவர்கள், அதனை எல்லையின்றி நீட்டும் உலோகத்தைக் கண்டனர். சிலநாட்களில், ஹைன்ஸ் மார்ட்டின் என்பார் தைத்தேனியம் நாற்குளோரைட்டைக் கொண்டு பரிசோதித்தபொழுது, அமுக்கமோ வெளிவெப்பமோ வேண்டாமலே எதிலீன் பொலித்தீனாக மாறிற்று. வீடுகளிற் பழம் பதனிடப் பயன்படும் கண்ணாடிச் சாடியே அதற்குப் போதுமானதாயிருந்தது.

இதன் முக்கியத்துவத்தை உணர, அதற்கு முந்திய நிலைமையை நோக்கவேண்டும். பிரித்தானியாவின் இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் கம்பனியில் 1933இற் கண்டறியப்பட்ட பொலித்தீன் முறைக்கு வளிமண்டல அமுக்கத்தின் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட அமுக்கமும், 200 பாகை அளவிலான வெப்பநிலையும் வேண்டப்பட்டன. அத்தகைய பொறித்தொகுதியைப் பெருமூலதனமே நிறுவமுடியும். அம்முறையில் விளைந்த சங்கிலிகள் கிளைவிட்டவை. பொருள் மென்மையானது, கொதிநீரிற் தளர்ந்துவிடும். முல்ஹைமிற் பெற்ற சங்கிலிகளோ பெரும்பாலும் நேரானவை, நெருங்கி அடுக்கத்தக்கவை. எனவே பொருள் உறுதியாகவும், ஏறத்தாழ 130 பாகைவரை உருகாததாகவும் இருந்தது.

5

இவ்விடத்தில் இன்னுமொரு செய்தியை மனங்கொள்ளல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்திலுள்ள பிலிப்ஸ் பெற்றோலியம் கம்பனியில், போல் ஹோகன், றொபேர்ட் பாங்ஸ் என்னும் இருவர், குரோமியம் ஒட்சைட்டை ஊக்கியாகக் கொண்டு, 1951இலேயே இத்தகைய நேர்ச்சங்கிலிப் பல்பகுதியங்களைப் பெற்றிருந்தனர். முல்ஹைம் குழுவினருக்கு அது தெரியாது. இருவேறு நாடுகளில், இருவேறு வழிகளில், ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே வாயில் திறக்கப்பட்டமை, கண்டுபிடிப்புகள் தனிமனித மூளையில் மட்டும் பிறப்பனவல்ல என்பதை உணர்த்துகின்றது. எதிலீன் மலிவாகக் கிடைத்தமை, உலோகச் சேர்வைகள் பற்றிய அறிவு பெருகியமை, போருக்குப் பின் புதிய பொருள்களுக்கு ஏற்பட்ட சந்தை ஆகியன அக்கண்டுபிடிப்புக்கு ஏற்ற காலத்தைக் கனிய வைத்திருந்தன.

எனினும், சமூக நிலைமை கனிந்தது என்பதனால் மட்டும் விளக்கம் நிறைவுறாது. முல்ஹைமிற் கிடைத்தது ஒரு பொருள் மட்டுமன்று. அலுமினியச் சேர்வையும் தாண்டல் உலோகமும் இணைந்து காபன் பிணைப்புகளை நெறிப்படுத்தும் என்னும் பொதுக் கோட்பாடும் கிடைத்தது. பொருளைத் தேடியவர்கள் பொருளைப் பெற்றனர். தாக்கத்தின் இயல்பைத் தேடியவர்கள் பல பொருள்களுக்குத் தாயான அறிவைப் பெற்றனர்.

6

அறிவு விளைந்ததும் உரிமைப் போராட்டம் தொடங்கியது. 1953 நவம்பரிலேயே சீக்லர் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தார். இதற்கிடையில், மிலான் பல்தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியர் கியூலியோ நாட்டா 1952இல் சீக்லரின் உரையொன்றைச் செவிமடுத்து, அதன் முக்கியத்துவத்தை உணர்ந்திருந்தார். அவர் ஆலோசகராயிருந்த மொண்டேகட்டினி கம்பனி சீக்லரோடு ஒப்பந்தம் செய்து, இத்தாலியில் அவரது பேறுகளைப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்றது. 1953இல் இளம் இத்தாலிய ஆய்வாளர் சிலர் முல்ஹைமிற்கு வந்து பணிபுரிந்தனர்.

1954 மார்ச்சு 11ஆம் நாள் நாட்டாவின் ஆய்வுகூடத்தில், சீக்லரின் ஊக்கியைக் கொண்டு, எதிலீனின் அடுத்த சேர்வையான புறொப்பிலீன் பல்பகுதியமாக்கப்பட்டது. ஊடுகதிர்ச் சோதனையின்மூலம், சங்கிலியிலுள்ள பக்கக் கூட்டங்கள் யாவும் ஒரே ஒழுங்கில் அமைந்துள்ளமையை நாட்டா நிறுவினார். இயற்கையின் உயிரணுக்களே செய்யவல்லவை எனக் கருதப்பட்ட ஒழுங்கமைப்பை மனிதர் ஆக்கிய ஊக்கியும் செய்தது. இலக்கியப் பட்டதாரியான நாட்டாவின் மனைவி றொசிற்றா பேயாத்தி, இவ்வொழுங்குக்குக் கிரேக்க வேர்களிலிருந்து 'ஐசோடக்டிக்' என்னும் பெயரை ஆக்கிக் கொடுத்தார். விஞ்ஞானத்தின் சொல்லாக்கத்தில் மொழிப் புலமைக்குரிய இடத்தை இது நினைவூட்டுகின்றது.

இத்தாலியர் 1954 ஜூனிற் புறொப்பிலீன் தொடர்பாக ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தபோது, அதனைச் சீக்லருக்கு அறிவிக்கவில்லை. ஓகஸ்டில், தம் பங்குக்கு அதே பேறுக்காக விண்ணப்பித்த சீக்லர், தாம் முந்தப்பட்டதைப் பின்னரே அறிந்தார். இருவருக்கும் இடையிலான உறவு கசந்தது. 1963இல் இருவரும் ஒரே மேடையில் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டமை அக்கசப்பை முற்றாக நீக்கியதெனக் கூறமுடியாது. அமெரிக்காவிலோ பொலிபுறொப்பிலீன் உரிமை வழக்கு பல கம்பனிகளுக்கிடையே நீண்டு, இறுதியில் 1983இல், ஹோகன் - பாங்ஸ் கண்டுபிடிப்பின்பேரில் பிலிப்ஸ் கம்பனிக்கு ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. கண்டுபிடித்து 32 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இருவருக்கிடையிலான மனத்தாங்கலாக மட்டும் இதனை நோக்குவோமாயின் அதன் சாரத்தைத் தவறவிட்டவர்களாவோம். விஞ்ஞானம் வளர்வதற்கு அறிவு தடையின்றிப் பரவ வேண்டும். முல்ஹைமின் அறிவு மிலானுக்குச் சென்றதனாலேயே பொலிபுறொப்பிலீன் பிறந்தது. ஆக்கவுரிமையோ அறிவை வேலிகட்டிக் காப்பது. அறிவுற்பத்தியின் கூட்டு இயல்புக்கும் அதன் உடைமையின் தனியார் இயல்புக்கும் இடையிலான முரண்பாடே நண்பர்களாகத் தொடங்கிய இரு பேராசிரியர்களை வழக்காளிகளின் நிலைக்குத் தள்ளியது. ஆய்வு மேசையில் நின்ற ஹோல்ஸ்காம்ப், பிரைல், மார்ட்டின், கெல்லேர்ட் ஆகியோரின் பெயர்கள் ஊக்கியின் பெயரில் இடம்பெறாமையும் இதே முரண்பாட்டின் மற்றொரு முகமாகும்.

மறுபுறத்தை மறைப்பதும் முறையன்று. ஆக்கவுரிமை வருவாயிற் சீக்லர் செல்வந்தரானார். அச்செல்வத்திலிருந்து ஏறத்தாழ 40 மில்லியன் ஜேர்மன் மார்க்கு பெறுமதியான நிதியமொன்றை நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கென அமைத்தார். முதலாளிகளின் நிதியில் தங்கியிருந்த நிறுவனம், தனது கண்டுபிடிப்பின் வருவாயைக்கொண்டே தான் விரும்பிய ஆய்வைத் தொடரும் நிலையை எய்தியது.

7

1969இற் சீக்லர் ஓய்வுபெற, அவரது சகபாடியான குந்தர் வில்கே பொறுப்பேற்றார். நிக்கல் துணுக்கு ஏன் அவ்வாறு தொழிற்பட்டது என்னும் பழைய வினாவை வில்கே விடவில்லை. காபன் சேர்வைகளோடு நிக்கல் அமைக்கும் சிக்கற் சேர்வைகளைத் தூய நிலையிற் பிரித்தெடுத்து, ஊக்கியின் உள்ளியக்கத்தை அவரது குழு படிப்படியாக விளக்கிற்று. பியூற்றடையீன் மூலக்கூறுகள் மூன்றினை ஒரு வளையமாக இணைக்கும் முறையும் அங்கேயே வளர்ந்தது. அதே நிறுவனத்தில், 1960களிற் குர்ட் சோசல் என்பார் வேறொரு பிரிப்பு முறையை ஆராய்கையில், உயர் அமுக்கத்திலுள்ள காபனீரொட்சைட்டைக் கொண்டு கோப்பிக் கொட்டையிலிருந்து கபேயினை அகற்றும் வழியைக் கண்டார். அலுமினியச் சேர்வையில் தொடங்கிய பாதை கோப்பிக் கோப்பை வரை செல்லுமென எந்தத் திட்டக்குழு எதிர்வுகூறியிருக்கும்?

1970களின் நடுப்பகுதியில் ஹம்பேர்க் பல்கலைக்கழகத்திற் சின், காமின்ஸ்கி ஆகியோரின் குழு, சீக்லர் வகை ஊக்கியைக் கெடுத்துவிடும் எனக் கருதப்பட்ட நீர், மிகச் சிறிதளவிற் கலக்கும்போது அதன் ஆற்றலைப் பன்மடங்கு பெருக்குவதைக் கண்டது. அங்கும் அழுக்கு ஆசிரியனாயிற்று. அங்கும் அதனைக் கற்றுக்கொள்ள ஆயத்தமான குழுவொன்று இருந்தது. 2021இல் முல்ஹைம் நிறுவனத்தின் பணிப்பாளருள் ஒருவரான பெஞ்சமின் லிஸ்ட், உலோகமே இல்லாத சிறு சேதன மூலக்கூறுகளை ஊக்கிகளாகப் பயன்படுத்தியமைக்காக, டேவிட் மக்மில்லனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இவ்வரலாற்றின் இருண்ட பக்கத்தையும் நாம் கூறாதுவிடலாகாது. சீக்லர் பெற்ற சங்கிலியின் சிறப்பு அதன் உறுதி. காபன் - காபன் பிணைப்புகள் எளிதில் அறாமை. அதே உறுதியினால் அது மண்ணில் உக்குவதில்லை. கடற்கரையிலும் வாய்க்காலிலும் தேங்குகின்றது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருள்களை அளவின்றிப் பெருக்கியது மூலக்கூறன்று, இலாபத்தை நோக்காகக் கொண்ட உற்பத்தி முறையே. ஆயினும், பிணைப்புகள் எவ்வாறு அமைகின்றன என்பதை அறிந்த விஞ்ஞானத்துக்கு, அவற்றை எவ்வாறு மீண்டும் அறுப்பது என்பதையும் அறியும் கடப்பாடு உண்டு. சுவையான உண்மை யாதெனில், இளம் சீக்லர் மார்பேர்க்கிற் தொடக்கத்தில் எழுப்பிய வினா அதுவேயாகும்.

8

மேற்கூறியவற்றிலிருந்து நாம் சில முடிவுகளுக்கு வரலாம். 1953இன் கண்டுபிடிப்பு முப்பதாண்டு காலம் கைவிடப்படாத வினாவொன்றின் கனி. நிக்கல் துணுக்கு வாய்ப்பை மட்டுமே அளித்தது. அதனை அறிவாக்கியது ஆய்வுகூடமொன்றிற் சேமிக்கப்பட்டிருந்த கூட்டுத் திறனும், உலோகம் உலோகமாகச் சோதித்த மாணவரின் பொறுமையுமாகும். அத்தகைய வினாவை அத்தனை ஆண்டுகள் தொடர்வதற்கு, பயன் எங்கே என நாளாந்தம் கேளாத நிறுவனம் வேண்டும். அச்சுதந்திரம் ஆய்வாளருக்குத் தானாகக் கிடைக்கவில்லை. நிபந்தனையாக முன்வைத்துப் பெறப்பட்டது.

ஆராய்ச்சிக்கு நிதி கேட்டுச் செல்லும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திடமும் உடனடிப் பயன் யாதென வினவப்படுகின்றது. நாட்டின் தேவைகளை விஞ்ஞானிகள் அறிந்திருத்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், தேவையை அறிந்திருத்தல் வேறு, விடையை முன்கூட்டியே கட்டளையிடுதல் வேறு. 1943இல் முல்ஹைமின் சுரங்க முதலாளிகள் நிலக்கரி பற்றியே ஆராயவேண்டுமென வற்புறுத்தியிருந்தால், அவர்கள் பெற்றிருக்கக்கூடியது நிலக்கரி பற்றிய மேலும் சில அறிக்கைகள் மாத்திரமே. 1958இல் தொடங்கிய நெருக்கடியினால் றூரின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அப்பிரதேசத்தின் இறுதி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. நிலக்கரியின் பெயரைத் தாங்கிய ஆராய்ச்சி நிறுவனம் இன்றும் அந்நகரில் இயங்கிவருகின்றது.